போடலாம் அணி

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஆண்டு விழா என்றால் ஆசிரியர் பட்டிமன்றம் இருந்தே ஆக வேண்டும். இந்த முறை தலைப்பு, போரை முடிக்க அணுகுண்டு போடலாமா, கூடாதா. வளைகுடாவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சூட்டோடு சூடாக இருக்கட்டும் என்றார் தலைமை ஆசிரியர். அந்தச் சண்டைக்கு நடுவில் ஓர் ஊரில் என் வீட்டுக்காரர் ரொட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் இது தெரியும்.

சீட்டுக் குலுக்கினார்கள். எனக்குப் "போடலாம்" அணி வந்தது. மாற்றித் தரச் சொன்னேன். ஒருவருக்கு மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள் என்றார் தலைமை ஆசிரியர். "பேச்சுதான டீச்சர், நெஜமாவா போடப் போறாங்க?"

விழா அன்று காலையிலிருந்து என் வீட்டுக்காரர் போன் எடுக்கவில்லை. கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மேடை ஏறினேன்.

எனக்கு முன்னால் பேசிய கணக்கு சார், ஒரு ஊர் போனால் பத்து ஊர் பிழைக்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எந்த ஊர் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னேன். அவர் தங்கும் அறை, கூடத் தங்கியிருக்கும் செஞ்சிப் பக்கத்து ஆட்கள், விடியலில் வண்டியில் ஏற்றும் சூடான ரொட்டி, எல்லாம் சொன்னேன்.

"இந்த ஊர் மேலயே போடலாம். சரின்றவங்க கை தூக்குங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டதாக நினைத்தேன். ஒருத்தராவது தலை குனிவார் என்று பார்த்தேன். பெற்றோர், பிள்ளைகள், என்னோடு டிபன் பகிர்ந்து சாப்பிடும் டீச்சர்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். பட்டிமன்றத்தில் சொந்தக் கதையை எடுத்துவிட்டுக் கைதட்டல் வாங்குவது வழக்கம்தானே, அதில் இதுவும் ஒன்று அவர்களுக்கு. விசில் வேறு அடித்தார்கள், பாவிகள்.

தீர்ப்பு எங்கள் அணிக்கு. டீச்சர் பின்னிவிட்டார் என்று தலைமை ஆசிரியர் சால்வை போர்த்தினார்.

கோட்டக்குப்பத்தில் இருக்கும் வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். லைனே கிடைக்கவில்லையாம். "தலைக்கு மேல ஏதோ பறந்துக்கினே இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல, நீ பயப்படாத." எனக்கு அழுகை வந்தது. அதை மாற்றத்தான், பட்டிமன்றத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டார்.

"நாங்கதாங்க. எல்லாரும் கை தூக்கிட்டாங்க."

நான் எந்தப் பக்கம் பேசினேன் என்று அவருக்குத் தெரியாது. ரொம்ப சந்தோஷப்பட்டார்.