செங்கல்பொடி போட்ட தீபாவளி

“இதுல எதுவும் ஒட்டாதுங்க” என்று கடைக்காரர், பிஸ்கட் சுடும் பூச்சுப் பூசிய தட்டை நீட்டினார். நான் பக்கத்திலிருந்த வெறும் இரும்புத் தட்டை எடுத்து முகர்ந்தேன். அதே எண்ணெய் வாசம்.

எண்பதுகளில் ஓசூர் ஃபேக்டரிகளுக்குப் பின்னால், எங்கள் லைன் வீடுகளை ஒட்டி ஒரு பேக்கரி இருந்தது. இன்று அங்கே கார் ஷோரூம். தீபாவளி நெருங்கினால் லைன் பெண்கள் மைதாவும் சர்க்கரையும் டால்டாவும் பிசைந்து, வட்ட வட்டமாகத் தட்டில் அடுக்கி, அந்த விறகு அடுப்பில் பிஸ்கட் சுட்டு வாங்கப் போவார்கள். அதற்கு எல்லா வீடும் இரவல் கேட்பது எங்கள் இரும்புத் தட்டைத்தான். வருஷக்கணக்காக எண்ணெயும் நெருப்பும் குடித்துக் கன்னங்கரேலென்று இருக்கும், பிஸ்கட் தானாக வழுக்கி வரும். ஒரு வருஷம் அம்மாவுக்கு ஒத்தாசையென்று நினைத்து, அதைச் செங்கல்பொடி போட்டு வெள்ளிபோலத் தேய்த்துவிட்டேன்.

“ஏன்க்கா, இத யாரு தேச்சது? ஒண்ணுகூட முழுசா வராது” என்றார், கன்னடம் கலந்து தமிழ் பேசும் பேக்கரிக்காரர்.

“எம் பொண்ணுதாண்ணா. ஆசையா தேச்சிட்டா, வைங்க” என்றாள் அம்மா.

அவர் சொன்னபடியே எல்லாம் ஒட்டிக்கொண்டது. பேக்கரிப் படியில் சூடான தட்டைச் சுற்றி உட்கார்ந்து, லைன் பிள்ளைகள் அத்தனை பேரும் கரகரவென்று ஸ்பூனால் சுரண்டி, முறுகிய சில்லுகளை நாக்குச் சுடச் சுடத் தின்றோம்.

அடுத்த தீபாவளிக்கு முன்பே பிள்ளைகள் என்னைத் தேடி வந்துவிட்டார்கள், கை நிறையச் செங்கல்பொடியோடு.