என் வீட்டுக்காரர் எதிரியாக நடித்த படம்

மகளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போனது. மூன்றாம் முறை தங்கியதும், பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் அண்ணாமலையாருக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் தாடி வளர்த்தார். அந்தத் தாடிதான் வினை. கீழ்பென்னாத்தூர் பக்கம் போர்ப் படம் எடுக்க வந்தவர்கள், கூட்டத்தில் நடிக்க ஆள் சேர்த்தபோது, இவரைப் பார்த்ததுமே எதிரிச் சிப்பாய் உடுப்பைக் கொடுத்துவிட்டார்கள். சினிமாவில் தாடி என்றாலே எதிரிதானே! நம் பக்கத்துச் சிப்பாயாக நிற்க ஆசைப்பட்டுப் போன மனுஷன் அதையே மாட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு பெண்ணை முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்துவர வேண்டும். அதுதான் இவர் வேலை. டைரக்டரே கைதட்டினாராம். நான் பெருமையாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்தேன்.

பேரன் பிறந்தான். வேண்டுதலும் முடிந்தது. ஆனால் இவர் பிள்ளையைத் தூக்கவே இல்லை. "பச்ச ஒடம்பு, அப்புறமா தூக்கறேன்" என்பார். "அப்பாவுக்கு இவனப் புடிக்கலையாம்மா?" என்று மகள் அழுதாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, உங்க மனசு என்ன கல்லா?" என்று கத்தினேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

படம் வந்ததும் டவுன் தியேட்டருக்கு இரண்டு பேரும் போனோம். திரையில் இவர் அந்தப் பெண்ணை இழுத்தபோது, "நாசமாப் போறவனே!" என்று பின்வரிசையில் ஒரு அம்மா திட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஹீரோ வந்தான். இவரைத் தாடியைப் பிடித்து அதே தெருவில் இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டான். ஒரே விசில். திட்டிய அம்மாவும் கைதட்டினாள். அடப்பாவிகளா, அதுவும் இழுத்ததுதானே?

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நடிப்புனுதான் போனேன். அந்தப் பொண்ணு கத்துச்சு பாரு, எனக்கு நல்லா இருந்துச்சு. இன்னும் ஜாஸ்தியா இழுக்கலாம்னு இருந்துச்சு. எங்க இருந்து வந்துச்சுனே தெரியல. ஹீரோ என்னை இழுத்தப்ப அவன் கண்லயும் அதத்தான் பாத்தேன். நீயே சொல்லு, இந்தக் கையால எப்படிப் புள்ளயத் தூக்கறது?"

இத்தனை வருஷத்தில் என்மேல் ஒரு நாளும் கை ஓங்காத மனுஷன். உள்ளே போய் மகளிடமிருந்து பேரனை வாங்கிவந்து அவர் மடியில் வைத்தேன். "புடிங்க" என்றேன். பிடித்துக்கொண்டார்.

பிள்ளை தூங்கும்வரை நான் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அவருக்குத் துணையாகவா, பிள்ளைக்குக் காவலாகவா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.