உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுக்கு மனிதவள முகாமைத்துவம் படிப்பித்த சேர், எந்த வெக்கையிலும் டையைத் தளர்த்தமாட்டார். வேலைக்கு ஆள் எடுக்கும் பாடம் வந்தால், மேசையை இழுத்துப் போட்டு நேர்முகப் பரீட்சையே நடத்திக் காட்டுவார். வருகிறவர் உட்காரும்வரை தானும் உட்காரமாட்டார்.

யுத்த காலம் அது. அன்று என் முறை.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ, பிள்ளை."

என் கை தானாகக் கைப்பைக்குள் போயிற்று. அடையாள அட்டையையும் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவையும் எடுத்து மேசையில் வைத்து, "யாழ்ப்பாணம், சேர். படிக்க வந்தனான். லொட்ஜில இருக்கிறன்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. பிறகு சிரிப்பு தானாக அடங்கியது. சேர் அட்டையை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"இது ஆமிச் சென்றி இல்லை, பிள்ளை. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்? அதைச் சொல்லுங்கோ."

அந்தக் கிழமையே காலி வீதியில் அவரைக் கண்டேன். சோதனைச் சாவடியில் நின்ற இளம் சிப்பாய் ஒருவன் அவரிடம் சிங்களத்தில் நேரம் கேட்டான். நன்றாகச் சிங்களம் தெரிந்த சேர், கையில் கடிகாரம் இருக்க, சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். திரும்பியபோது என்னைக் கண்டார்.

அடுத்த வகுப்பிலும் டை இறுக்கமாகவே இருந்தது. மேசையை இழுத்துப் போட்டார். அந்த முதல் கேள்வியை மட்டும் அதன்பின் அவர் யாரிடமும் கேட்கவில்லை.