செத்தவருக்கு எழுதிய 120/80

என் நண்பன் இறந்து நாற்பத்தோராம் நாள், மாமல்லபுரத்தில் எங்கள் மருத்துவக் கல்லூரி வகுப்பின் வெள்ளிவிழா நடந்தது. அன்று மேடையேறி, என் மேல் விழுந்த ஒரு பழியைத் துடைப்பதாக அவன் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தான். மாரடைப்பு முந்திக்கொண்டது. தன் பிரஷரை அவன் ஒருநாளும் பார்த்துக்கொண்டதில்லை என்று அவன் மனைவி சொன்னாள். எனக்கு ஆச்சரியமில்லை.

செங்கல்பட்டில் நாங்கள் ஹவுஸ் சர்ஜன்களாக, அதாவது பயிற்சி மருத்துவர்களாக இருந்தபோது, வார்டின் தலைமை மருத்துவரான சீஃப் காலை எட்டு மணிக்கு ரவுண்ட்ஸ் வருவார். அதற்குள் காலைப் பணிக்காரர் நாற்பது படுக்கைக்கும் பிரஷர் பார்த்து அவரவர் சார்ட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டிருக்க வேண்டும். பலர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எல்லோருக்கும் 120/80 என்று எழுதிவிடுவார்கள். நான் ஒவ்வொரு கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்துத்தான் எழுதுவேன். 118 என்றால் 118.

"இன்னா மச்சான், ரெண்டு பாயிண்டுல உசுரா போயிடப் போவுது?" என்பான் அவன்.

அன்று எனக்கு இரவுப் பணி. மதுராந்தகம் பக்கத்திலிருந்து வந்து இருபத்து மூன்றாம் படுக்கையில் கிடந்த பெரியவர் காலை 5.45க்கு இறந்தார். பதிவேட்டில் நேரத்தை எழுதினேன். ஆறு மணிக்கு என்னை விடுவிக்க வேண்டிய என் நண்பன் வரவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்ததால் நான் அங்கே போய்விட்டேன். அவன் வந்தது ஏழரைக்கு. தாமதத்தை மறைக்க, மேசையில் அடுக்கியிருந்த நாற்பது சார்ட்டிலும் 'காலை 6.00, 120/80' என்று எழுதினான். ஆறு மணிக்கு அவன் வார்டில் இல்லாதது நர்ஸ்களுக்குத் தெரியும் என்பதால், கீழே என் கையெழுத்தைப் போட்டான். அந்த அடுக்கில் பெரியவருடைய சார்ட்டும் இருந்தது.

ரவுண்ட்ஸில் இறப்பைத்தான் முதலில் விசாரிப்பார்கள். சீஃப் அந்தச் சார்ட்டைத் தூக்கிப் பிடித்து என் பக்கம் திரும்பினார்.

"அஞ்சே முக்காலுக்குச் செத்தவருக்கு ஆறு மணிக்கு நூத்திருபது எண்பது! டாக்டர், எனக்கே இவ்வளவு நல்ல பிரஷர் இல்லையே!"

வார்டே சிரித்தது. இறப்புச் சான்றிதழுக்காக வாசலில் காத்திருந்த பெரியவரின் மகன் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, "அப்ப எங்க நைனா உசுரோட கீறாரா சார்?" என்று கேட்டார். இல்லை என்று இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

வராந்தாவில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், லேட்டுன்னு ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கிகினு கீறேன். ஒரு வாரம் வாய மூடிகினு இரு. நானே சீஃப்கிட்ட சொல்லிடறேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அது என் தவறு. அந்த ஏழு நாளுக்கும் என் டைரியில் ஒரே வரிதான் இருக்கிறது: 'சொல்லவில்லை.' எனக்குப் பயிற்சி ஒரு மாதம் நீட்டிக்கப்பட்டது. 'நூத்திருபது' என்ற பெயரும் வந்தது. பின்னால் ஒரே அரசு மருத்துவமனையில் ஆறு ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். புது நர்ஸ் யார் வந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னை அறிமுகம் செய்வான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முட்டுக்காட்டில் நான் முகத்துக்கு நேராகக் கேட்டபோதுதான், "ஜூப்ளில மைக்க புட்ச்சி சொல்லிடறேன் மச்சான், சத்தியமா" என்றான்.

விழா தொடங்குமுன் அவன் மனைவி என்னிடம் வந்தாள். என்னைச் சிரிக்கவைக்க நினைத்தாள் போலும். "அண்ணா, அந்த பிரஷர் கதைய வூட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நான் எழுதினேன், அவன் மாட்டிகினான்னு."

அப்படியென்றால் அவனுக்கு உண்மையைச் சொல்ல வாய் வந்திருக்கிறது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, வேடிக்கையாக, பல முறை வந்திருக்கிறது. அதுவரை அவன் கோழை என்று நினைத்திருந்தேன். கோழையைக்கூட மன்னிக்கலாம்.

அஞ்சலி உரைக்கு என்னை அழைத்தார்கள். "இப்ப நம்ம நூத்திருபது பேசுவான்!" என்றான் மைக் பிடித்திருந்தவன். கைதட்டினார்கள். மாலை போட்ட படத்தின் பக்கத்தில் நின்று சொன்னேன்: "அந்தச் சார்ட்டை எழுதியது இவன். கையெழுத்து மட்டும் என்னுடையது, அதையும் போட்டது இவன். இன்று இங்கே சொல்வதாகச் சத்தியம் செய்திருந்தான். அதனால் நான் சொல்கிறேன்."

முன்வரிசையிலிருந்து அவன் மனைவி, "ஆமா. அவருதான் எழுதினாரு" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் மைக் பிடித்தவன் என்னை மறித்தான். "செத்தவன் மேல இப்ப எதுக்குடா? அவ மூஞ்சிய பாத்தியா?"

"பாத்தேன். அந்தப் பெரியவரோட புள்ள மூஞ்சிய நீ பாத்தியா?"

இலையில் உட்காராமல் கிளம்பினேன். வகுப்புக்காரர்களின் வேன் பேருந்து நிலையம் வரை பின்னாலேயே வந்தது. "டேய் நூத்திருபது, வண்டில எடம் கீது, வா!" நான் திரும்பவில்லை. 2.40 செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பேருந்து நகர்ந்தபோது மறுபடியும் குரல் கேட்டது. மைக் பிடித்தவன்தான். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் இறங்கவில்லை.