சத்தம் இருந்தவரை பெருமாள்சாமி

முதலிபாளையத்தில் நான் துணி செக்கிங் பார்க்கும் நிட்டிங் கம்பெனியில், பெருமாள்சாமி அண்ணன் மாதிரி சுத்தமாக மிஷின் ஓட்ட ஆள் கிடையாது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். வாலிபத்தைப் பல்லடத்துத் தறிக் குடோனில் கழித்து, காதை அங்கேயே தொலைத்துவிட்டு எங்களிடம் வந்தார். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஷெட்டில் யார் காதுக்குமே வேலை இல்லை. ஊசி உடைந்தால் ஒரு விரல், நூல் தீர்ந்தால் உள்ளங்கை, எல்லாம் கைஜாடைதான். அதற்கு மேல் பேச வேண்டுமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். அவரும் உதட்டைப் பார்த்தே காலம் தள்ளிவிட்டார். ஒரு நாள் பின்னாலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டும் திரும்பவில்லை. முன்னால் போய், "ஏனுங்ணா, காது கேக்கறதில்லீங்களா?" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருடம் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. கூடவே சத்தம் அளக்கும் மீட்டரோடு ஒருவன் வந்தான். மீட்டர் தொண்ணூற்று நாலு டெசிபல் காட்டியது. எண்பதுக்குக் கீழே வந்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டுப் போனான். முதலாளி சதீஷ்குமார் கம்ப்ரசரைச் சுவருக்கு வெளியே தள்ளினார், மிஷின் கால்களுக்கு ரப்பர் கட்டை வைத்தார், ஃபேன்களையும் மாற்றினார்.

"காது மந்தமானவங்கள மிஷின்ல வெக்கக் கூடாதாமாங்க. அடுத்த வாரம் எல்லாத்துக்கும் காது டெஸ்ட்டுங்க, சத்தம் கேட்டாக் கை தூக்கோணுமாம்," என்றார்.

மறுபடி அளந்தபோது எழுபத்தெட்டு. பெண்கள் ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள். பெருமாள்சாமி அண்ணன் மட்டும் பழையபடி கைஜாடை காட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரும் கூப்பிட்டுவிடக் கூடாதென்று சுவரில் முதுகை ஒட்டியே நின்றார். மனுசன் எங்கே போவார்? ஊரில் ஒரு சென்ட் நிலம் இல்லை. இந்த வயதில் வேறு கம்பெனியும் சேர்க்காது. சத்தத்தைக் குறைத்தவர்களை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். என் தலைவலி விட்டதும் அவர்களால்தான், அது வேறு விஷயம்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணன் என் மேஜைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். அவர் நினைப்பில் அது ரகசியம்.

"கண்ணம்மா, எனக்குக் காது கேக்காதுங்கிறத மொதலாளிகிட்டச் சொல்லிப்புடாத தாயி. நாளைக்கு எதுக்க நின்னு, எப்பக் கை தூக்கணும்னு ஜாடை காட்டு."

கம்ப்ரசர் உள்ளே இருந்த காலத்தில் அந்தக் குரல் எனக்கே பாதிதான் எட்டியிருக்கும். இப்போது கடைசி மிஷின் வரை போனது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வாசலில் நின்றிருந்த சதீஷ்குமார் உள்ளே வந்தார்.

"ஏனுங்க பெருமாள்சாமி," என்று மெதுவாகத்தான் கூப்பிட்டார்.

அவர் திரும்பவில்லை. நான் சரியென்று தலையாட்டுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.