முந்தானையில் முடிந்த நன்மை

“ஐயோ, நன்மைய முந்தானைல முடிஞ்சிகினு போறா! யாராவது புடிங்க!”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் போட்ட அந்தக் கூச்சல் இத்தனை வருடம் கழித்தும் என் காதில் அப்படியே இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிப் பூசை அது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கீபோர்டு வாசித்த பையன் விரலை எடுக்க மறந்ததில் ஒரே சுரம் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டு கிடந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மஞ்சள் புடவை ஒன்று வாசல்படி இறங்கி வெயிலுக்குள் போய்விட்டது. நன்மை என்று நாங்கள் சொல்வது பூசையில் சாமியார் கொடுக்கும் மெல்லிய வெள்ளை அப்பத்தை. பார்வைக்கு அப்பம், எங்களுக்கு அது இயேசுவின் உடல். பேச்சுக்காகச் சொல்வதில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறோம். ஞானஸ்நானம் வாங்காதவர்கள் அதைத் தொடக் கூடாது. வாங்கியவர்களும் அங்கேயே வாயில் போட்டு விழுங்கிவிட வேண்டும். அந்தப் பெண் வரிசையில் நின்று, கை நீட்டி வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, முந்தானை நுனியில் முடிந்துகொண்டு வெளியேறியிருந்தார்.

பக்கத்தில் நின்ற என் மாமியாரைப் பார்த்தேன். காசிமேட்டு மீன் ஏலத்தில் ஆண்களின் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டு விலை கேட்டுப் பழகியவர். வீட்டில் அவர் குழம்புக்கு உப்பு கேட்டால் கீழ்வீட்டுக்காரி உப்பு கொண்டுவருவாள், அப்படி ஒரு குரல். அன்றைக்கு அவர் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. அந்தப் பெண்ணைக் கோயிலுக்குள் கூட்டிவந்து மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்ததே அவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ராயபுரம் பங்குக் கோயிலுக்கு வந்த சாமியார் வித்தியாசமானவர். செவ்வாய்தோறும் அந்தோணியாரிடம் வருகிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் இந்துக்களும் முஸ்லிம்களும்தான் என்பது எங்களுக்கெல்லாம் பழகிப்போன விஷயம். அவருக்கு அது பழகவில்லை. இவ்வளவு பேர் நம் வீட்டுக்கு வருகிறார்கள், ஒருவரிடமாவது உட்காருங்கள் என்று சொல்லியிருக்கிறோமா என்று பிரசங்கத்தில் கேட்டார். அப்புறம் வரவேற்புக் குழு என்று ஒன்றை ஆரம்பித்து, மாமியாரைத் தலைவியாக்கி, எங்கள் சட்டையிலும் புடவையிலும் நீல ரிப்பன் குத்திவிட்டார். வருகிறவர்களுக்கு இடம் காட்டினால் மட்டும் போதாது, அவர்கள் கூப்பிட்டால் நாமும் போகவேண்டும், அவர்கள் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மாமியாருக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தலைவி பதவி பிடித்திருந்தது. “வர்றவங்கள இன்னா ஏதுன்னு நோண்டாத. மொதல்ல குந்தச் சொல்லு, தண்ணி குடு” என்பது எங்களுக்கு அவர் போட்ட சட்டம்.

அப்படிக் குந்தவைக்கப்பட்டவர்தான் இந்தப் பெண். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் வீடு. கணவர் பேசின் பிரிட்ஜ் யார்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு ஒன்பது செவ்வாய் வேண்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எல்லோரும் நன்மை வாங்க எழும்போது, இது எங்களுக்கு மட்டும்தாம்மா என்று நான் மெதுவாகச் சொல்வேன். சரிக்கா என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஆடி மாதம் தங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு எங்களைக் கூப்பிட்டார். ரம்ஜானில் பள்ளிவாசலுக்குப் போய் நோன்புக் கஞ்சி குடித்துவிட்டு வந்த மாமியார், இந்தக் கூழுக்கு மட்டும் பயந்தார். கஞ்சி வெறும் கஞ்சி, கூழ் அம்மனுக்குப் படைத்தது என்பது அவர் கணக்கு. போகாமலும் இருக்க முடியாது, ரிப்பன் குத்தியாயிற்று.

போனோம். அம்மனுக்கு முன்னால் பெரிய அண்டாவில் கூழ். அந்தப் பெண் முதல் சொம்பை எடுத்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். மாமியார் அசரவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த தூக்கை நீட்டி, “இதுல ஊத்தும்மா. வூட்ல ஒடம்பு சரியில்லாதவங்க கீறாங்க, அவங்களுக்குக் குடுத்துட்டுத்தான் நாங்க குடிப்போம்” என்று சரளமாகச் சொன்னார். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒருவருக்குச் சளிகூட இல்லை. அந்தப் பெண் தூக்கு நிறைய ஊற்றி, மேலே நாலு வேப்பிலையும் போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் பாலத்துக்குக் கீழே கட்டியிருந்த ஒரு மாட்டின் முன்னால் மாமியார் தூக்கைக் கவிழ்த்தார். “கீழ கொட்னாலும் பாவம், துன்னாலும் பாவம். அது துன்னட்டும்” என்றார். அன்றைக்கு நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் நடித்துக்கூடக் காட்டினேன்.

இதெல்லாம் நடந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அந்தச் செவ்வாய் எங்கள் சாமியார் ஊரில் இல்லை. பூசை வைக்க வந்தவர் வெளியூர்க்காரர், யார் யார் என்று அவருக்குத் தெரியாது. பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஆண்கள் கூடிவிட்டார்கள். பில்லிசூனியம் வைக்கிறவர்கள்தான் நன்மையைத் திருடிக்கொண்டு போவார்கள் என்றார் ஒருவர். இந்த வரவேற்பெல்லாம் வேண்டாமென்று அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேனே என்றார் பேரவைத் தலைவர். நாலு பேர் போய் அவளை முடியைப் பிடித்து இழுத்து வருவோம் என்று ஒரு இளைஞர் வேட்டியை மடித்துக் கட்டினார். அவரை எனக்குத் தெரியும், தினமும் பூசைக்கு வருகிற நல்ல பையன். அவர் வாயிலிருந்துதான் அந்தப் பேச்சு வந்தது.

அப்போதுதான் மாமியாருக்குக் குரல் திரும்பியது. “எவனும் வரக் கூடாது. நான் உள்ள இட்டாந்தேன், நானே போறேன்” என்றார். நன்மையை வைத்து எடுத்துவர வெளுத்த கைக்குட்டை ஒன்றை, பீடத்து வேலை பார்க்கும் கோயில் பிள்ளையிடம் கேட்டு வாங்கி மார்போடு பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் ஏறியதிலிருந்து புளியந்தோப்பு வரை வாய்க்குள்ளேயே ஜெபமாலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை மட்டும் என் பக்கம் திரும்பி, “அவ அத்த கீழ போட்டிருந்தா நான் இன்னாமே பண்ணுவேன்?” என்று கேட்டார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மூன்றாவது மாடி. வீட்டுக்கு வெளியே நடையில் மீன் சட்டி, கருவாட்டுப் பானை எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளே தரை கழுவி ஈரம் காயவில்லை. கட்டிலில் அவர் கணவர் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. மூலையில் அம்மன் படம், முன்னால் விளக்கு எரிந்தது. துலக்கிய பித்தளைத் தட்டு, அதில் ஒரு வெற்றிலை, வெற்றிலை நடுவில் நன்மை. ஓரம்கூட உடையவில்லை.

எதை எதையோ நினைத்துக்கொண்டு போயிருந்தோம். பயந்து ஒளிவார், பொய் சொல்வார், சண்டைக்கு வருவார் என்றெல்லாம் நினைத்திருந்தோம். அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

“எம்மா, நீங்களே வந்துட்டீங்களா! எப்டிக் குடுக்கறது, இன்னா சொல்லிக் குடுக்கறதுன்னு தெரியாம முழிச்சிகினு இருந்தேன். இது காலேலருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கல.” கணவரைக் காட்டினார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, “எல்லாரும் அங்கயே வாய்ல போட்டுக்கறாங்க. நான்தான் எடுத்துனு வந்துட்டேன். நீங்க எங்க கூழ நோயாளிக்குன்னு எடுத்துனு போனீங்க இல்ல? உங்களுது அப்டித்தான் போலன்னு நெனச்சேன். அவங்களுக்கு இப்போ ஒடம்பு பரவால்லியா?” என்றார்.

எனக்கு மாமியாரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார், “பரவால்ல” என்று மட்டும் சொன்னது காதில் விழுந்தது.

“உங்க கையாலயே குடுத்துடுங்கம்மா” என்றார் அந்தப் பெண்.

மாமியார் மூலைக்குப் போய், அம்மன் படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டார். அவர் அங்கே முழங்கால் போட்டது வெற்றிலையில் இருந்தவருக்கு என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது. இரண்டு விரலால் நன்மையை எடுத்துக்கொண்டு எழுந்து திரும்பினார். கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, வாயைத் திறந்தார். மாமியார் நின்றார். ஒரு நிமிடம் இருக்கும், எனக்கு அது முடியவே முடியாது போலிருந்தது. கொடுத்துவிடுங்கள் அத்தை என்று மனசுக்குள் சொன்னேனா, கொடுத்துவிடாதீர்கள் என்று சொன்னேனா, இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. மாமியார் நன்மையைத் தன் வாயில் போட்டு விழுங்கிவிட்டார்.

அந்த மனிதர் இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தார். கண் மூடியிருந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண்தான் போய் அவர் தோளைத் தொட்டு, “மூடிக்கய்யா” என்றார். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. இது எங்கள் சாமியின் உடல், ஞானஸ்நானம் வாங்காதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, தெரியாமல் நடந்தது, உங்கள் மேல் தப்பில்லை என்று நான் ஏதேதோ உளறினேன். ஒவ்வொரு வார்த்தையும் சரிதான். சொல்லச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருந்தது.

அந்தப் பெண் கோபப்படவில்லை. நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு மாமியாரிடம் போய் நின்றார். “சரிம்மா, உங்க மொறைல இல்லன்னா வேணாம். நீங்க சாப்ட்டீங்களே, அப்போ இதுக்கு வேண்டிக்கினுதான சாப்ட்டீங்க?” என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூழுக்கு அவ்வளவு சரளமாகப் பொய் சொன்னவர்தானே என்று எதிர்பார்த்தேன். மாமியார் உதடு கோணிக்கொண்டது. “இல்லம்மா. பயந்துகினு துன்ட்டேன். ஒண்ணும் வேண்டிக்கல” என்றார். சொல்லிவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, வீட்டுக்காரருக்குக் கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார். அந்தப் பெண் சூடுபண்ணிக் கொண்டுவந்த கஞ்சியை மாமியார் தானே வாங்கி அந்த மனிதருக்கு ஊட்டினார். அவர் மறுக்காமல் குடித்தார். பசித்திருந்தது அவருக்கு.

கோயிலில் எங்களுக்காகக் கூட்டம் காத்திருந்தது. நன்மை பத்திரமாக மீட்கப்பட்டது, மாமியாரே உட்கொண்டுவிட்டார் என்று தெரிந்ததும் கைதட்டினார்கள். சத்தியமாகக் கைதட்டினார்கள். பேரவைத் தலைவர், உங்க மாமியார் சிங்கம்மா என்று என்னிடம் சொன்னார். மாமியார் அவர்களைப் பார்த்து, “அது பத்திரமாத்தான் இருந்துது. நம்ம வாய்ல இருந்தத விட நல்லா வச்சிருந்தா. வூட்டுக்குப் போங்க எல்லாரும்” என்றார். அதோடு சரி, எத்தனை பேர் கேட்டும் அந்த வீட்டில் நடந்ததைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. எங்கள் சாமியார் திரும்பி வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் வரவேற்புக் குழு அந்த வருடம் முடிவதற்குள் நின்றுபோனது. வேண்டிக்கொண்ட ஒன்பதில் மீதி இருந்த செவ்வாய்களுக்கு அந்தப் பெண் வரவில்லை. மாமியார் இரண்டு முறை புளியந்தோப்புக்குத் தனியாகப் போனார். முதல் தடவை யாரும் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை வேறு குடும்பம் இருந்தது. கணவர் இறந்துவிட்டார், அந்தப் பெண் எண்ணூரில் அக்கா வீட்டோடு போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

இப்போது எங்கள் கோயிலில் நன்மை யாருக்கு என்று மூன்று மொழியில் பலகை வைத்திருக்கிறார்கள். வரிசைக்குப் பக்கத்தில் தொண்டர்கள் நின்று பார்த்துக்கொள்கிறார்கள். முந்தானையில் முடிந்துகொண்டு யாரும் போய்விட முடியாது. செவ்வாய்க் கூட்டம் அப்போதைவிட அதிகம். அவர்களில் ஒருவர் வீட்டுக்குக்கூட நாங்கள் யாரும் போவதில்லை, அவர்களும் கூப்பிடுவதில்லை.

மாமியார் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். மாதத்தின் முதல் வெள்ளிதோறும் வீட்டுக்கே நன்மை கொண்டுவருவார்கள். ஒவ்வொரு முறையும் சாமியார் அப்பத்தை எடுத்து நீட்டியதும், கொஞ்சம் இருங்க என்று கையைக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ சொல்லிவிட்டுத்தான் வாங்குவார். ஒருநாள் புதிதாக வந்திருந்த இளம் சாமியார், யாருக்காகம்மா இவ்வளவு நேரம் வேண்டிக்கிறீங்க, பேரைச் சொல்லுங்க, நானும் பூசைல சேர்த்துக்கிறேன் என்று கேட்டார். மாமியார் அவரைவிட்டு என்னைப் பார்த்தார். இடம் காட்டி, தண்ணீர் கொடுத்து, வாரக்கணக்காகப் பேசி, வீடு வரைக்கும் போயிருந்தோம். அந்த மனிதரின் பெயரை நான் கேட்டிருக்கவே இல்லை.

“பேரு தெரியாது சாமி. நாங்க கேக்கல” என்றார் மாமியார். “வாயத் தொறந்துகினு குந்தியிருந்தாரு.”

சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் வாயைத் திறந்தார்.