ஏழு பேர் மீதி இருந்தார்கள்

அன்று வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவுதான்: சித்தி, நான், நான்கு வயதுத் தம்பி. அப்பா ரோடு வேலைக்குப் போயிருந்தார். சித்தப்பா கப்பல் ஜெட்டியில் வேலைக்கு. அம்மா பின்னால் தோட்டத்தில் பாக்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆனாலும் வீட்டில் இருந்தாள் என்று சொல்ல முடியாது. இவர்கள் போக என் காதுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் அடுத்த தெருப் பெங்காலிப் பையன். மற்ற இருவரும் போர்ட் பிளேரில் எங்கோ இருந்தவர்கள். அவர்கள் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

இப்படி எண்ணிப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. கேஸை மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். கடைக்கு வேலைக்குப் போகும் வழியில் பாதித் தூரம் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். போன் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். கடன் வேண்டுமா மேடம் என்று கேட்கிற பெண்ணாக இருந்தாலும் அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்பேன். என் முதலாளியம்மாவுக்கு இது பெரிய சிரிப்பு. காரணம் அவருக்குத் தெரியாது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் ஊரான கேம்பல் பேயில் நெட் ஒழுங்காக ஓடத் தொடங்கியிருந்த காலம். அதற்கு முன் ஒரு படம் அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் சோறு வடித்துவிடலாம். திடீரென்று எல்லாம் ஓடியது. பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடமும் போனில் வரத் தொடங்கியது. வீட்டில் இரண்டு போன்கள்தான் இருந்தன. ஒன்று அப்பாவோடு போய்விடும். இன்னொன்று சித்தியுடையது. "பாடம் பாக்கணும் சித்தி" என்று கை நீட்டினால் கொடுத்துவிடுவாள். நான் பாடம் பார்க்கவில்லை என்பது ஒரு வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். பாடம் படிக்கிறவள் "பின்னாடி வரான், சுடு, சுடு" என்று கத்த மாட்டாளே. ஆனாலும் கொடுத்தாள்.

நூறு பேர் ஒரு விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். அடித்துக்கொண்டு சாக வேண்டும். கடைசியாக மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். இதுதான் ஆட்டம். நாலு பேர் ஒரு கூட்டாகச் சேர்ந்து, இயர்போனில் பேசிக்கொண்டே ஆடலாம். ஒரு வருடம் முழுவதும் அந்தத் தீவில்தான் இருந்தேன். எங்கள் தீவில் எந்த மரம் காய்த்தது, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, ஒன்றும் தெரியாது. அந்தத் தீவில் எந்த வீட்டின் எந்த அறையில் துப்பாக்கி கிடக்கும் என்பது தெரியும். வருடக் கடைசியில் ஒன்பதாம் வகுப்பில் தோற்றேன். அதோடு படிப்பு நின்றது. அதுகூட எனக்குப் பெரிய வெட்கமில்லை. என் படிப்பு, நான் தொலைத்தேன்.

சித்தி மெயின்லேண்டிலிருந்து வாழ வந்தவள், ராமநாதபுரம் பக்கம். அந்த வருடம் அவளுடைய அப்பா கை கால் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேச்சு போய்விட்டது. கண் மட்டும் வாசல் பக்கமே இருக்கிறது என்று அவளுடைய அண்ணன் போனில் சொன்னார். எங்கள் ஊரிலிருந்து கிளம்புவது என்றால் இரண்டு வழி. கப்பல் என்றால் அது வரும் நாள்வரை காத்திருந்து, ஏறி, போர்ட் பிளேர் போய்ச் சேரவே இரண்டு இரவு. ஹெலிகாப்டர் என்றால் அன்றைக்கே போகலாம், அங்கிருந்து விமானம். ஆனால் ஹெலிகாப்டரில் நோயாளிகளுக்குத்தான் முதல் இடம். மீதி இருந்தால் பெயர் கொடுத்து வைத்தவர்களுக்கு வரிசைப்படி போன் செய்வார்கள். உடனே அடையாள அட்டையோடு போய் நிற்க வேண்டும். போனை எடுக்காவிட்டால் அடுத்த பெயர். சித்தி தன் நம்பரைக் கொடுத்திருந்தாள். பையைக் கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

இரண்டு நாள் அவள் தூங்கவில்லை. குளிக்கப் போனாலும் போனை வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை, பள்ளி லீவு, என்னைக் கூப்பிட்டாள்.

"தாயி, எனக்குக் கண்ணு சொருகுது. செத்த நேரம் படுக்கிறேன். போன் ஒங்கிட்ட இருக்கட்டும். மணி அடிச்சா என்னைய ஒலுக்கி எழுப்பிவிட்டுரு, என்ன?"

சரி என்றேன். மனதார நினைத்துத்தான் சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். அவள் படுத்தவுடன் தூங்கிப்போனாள், வாய் திறந்தபடி. நான் அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒரே ஒரு ஆட்டம் என்று நினைத்தேன். போன் கையில்தானே இருக்கிறது, வந்தால் தெரியாமலா போகும்? சித்தியின் தூக்கம் கெடக்கூடாதே என்று மணிச் சத்தத்தை அணைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று எனக்கு எல்லாம் கூடி வந்தது. குதித்த இடத்திலேயே நல்ல துப்பாக்கி. எங்கள் நால்வரில் இருவர் செத்து, என் காதுக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். இருபது பேர் மீதி இருந்தபோது முதல் போன் வந்தது. எங்கள் ஊரில் அப்போது போன் எடுத்தால் நெட் நின்றுவிடும், ஆட்டத்தில் சிலை மாதிரி நிற்பாய், எவனாவது வந்து சுட்டுவிட்டுப் போவான். அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரே சட்டம்: நடுவில் போன் எடுத்தால் நாளையிலிருந்து நீ கூட்டத்தில் இல்லை. ஏதோ கம்பெனி விளம்பரம் என்று நினைத்துச் சிவப்பை அழுத்தினேன். விரலுக்குப் பழகிப்போன வேலை அது.

பன்னிரண்டு பேர் மீதி. அதே நம்பர். கொஞ்சம் திக்கென்றது. அழுத்தினேன்.

ஏழு பேர் மீதி. மூன்றாவது முறை அதே நம்பர் வந்தபோது எனக்குத் தெரியும். இதை எழுதாமல் விட்டால் நான் எழுதிய மற்றதெல்லாம் வீண். தெரிந்தது. "போன் ஆ ரஹா ஹை" என்று வாய்விட்டுக்கூடச் சொன்னேன், போன் வருகிறது என்று. பெங்காலிப் பையன் காதுக்குள் அலறினான்: "மத் உட்டா! பாகல் ஹை கியா? ஏழு பேர்தான், மத் உட்டா!" எடுக்காதே, பைத்தியமா உனக்கு என்று. அவன்மேல் பழி போட எனக்கு நிறைய நாள் ஆசையிருந்தது. ஆனால் விரல் என்னுடையது. இன்னும் ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடியும், அவர்கள் மறுபடி செய்யாமலா இருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்தது. அவர்கள் மறுபடி செய்யவில்லை. நானே அந்த நம்பருக்கு அடித்தேன். ஒருவர் ஹிந்தியில், கோபம்கூட இல்லாமல், எத்தனை தடவை அடிப்பது பேட்டா, சீட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டோமே என்றார். வைத்துவிட்டேன். வந்த மூன்று போனையும் நான் செய்த ஒன்றையும் பட்டியலிலிருந்து அழித்தேன். சத்தத்தைத் திரும்பப் போட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி, "அக்கா, குளிருதா?" என்று கேட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் வந்தது. எங்கள் ஊரில் அது எல்லா வீட்டுக்குள்ளும் வரும் சத்தம். அந்தச் சத்தத்தில்தான் சித்தி விழித்தாள். முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். தென்னை மரங்களுக்கு மேலே அது கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மறையும்வரை அண்ணாந்து நின்றாள்.

"இன்னைக்கும் எடமில்ல போல," என்றாள்.

சாயந்திரம் சித்தப்பா ஹெலிகாப்டர் ஆபீஸில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். சண்டையில் தோற்று வந்தார் என்பது நடையிலேயே தெரிந்தது.

"தீன் பார் போன் பண்ணியிருக்கான்! நோட்டுல டைம் போட்டு எழுதி வெச்சிருக்கான். மூணு வாட்டியும் கட் ஆயிருக்கு. போன் யார்கிட்ட இருந்துச்சு?"

அதற்குள் சித்தி பதில் சொல்லிவிட்டாள்.

"எங்கிட்டத்தான். தலமாட்டுல வச்சுப் படுத்திருந்தேன். தூக்கக் கலக்கத்துல அமத்திட்டேன் போலருக்கு."

"வாஹ் ரே மகாராணி! பெத்த அப்பன் ஆஸ்பத்திரில கெடக்கான், இவளுக்குத் தூக்கம் கேக்குது!"

"ரெண்டு நாளா அவ கண்ணே மூடல தம்பி, விடுங்க," என்று அம்மா சித்தப்பாவை அடக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை. இன்றுகூட வீட்டுக்கு மேலே ஹெலிகாப்டர் போனால், "மகாராணி, முழிச்சிருக்கியா?" என்று கேட்பார். அவருக்கு அது வேடிக்கையாகிவிட்டது. சித்தியும் சிரிப்பாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது திறந்திருக்கலாம்.

அன்று எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சித்தி நிஜமாகவே தான்தான் அழுத்தினோம் என்று நம்புகிறாள் என்று தோன்றியது. தப்பித்தேன் என்று நினைத்தேன். ராத்திரி மீன் குழம்பு. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சித்தி மூன்று நாள் கழித்துக் கப்பலில் போனாள். போர்ட் பிளேரில் இறங்கியபோது அவளுடைய அண்ணனின் போன் வந்தது. முந்தின நாளே முடிந்துவிட்டது, இனி வைத்திருக்க முடியாது, எடுத்துவிட்டோம் என்றார். அவள் அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தாள். வாசலிலேயே அண்ணன், "ஹெலிகாப்டர்ல பறக்குற சீமாட்டிக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்றாராம். சித்தி திரும்பி வந்தபிறகு அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

அவள் ஊரில் இருந்தது ஒரு மாதம். சித்தி எப்ப வருவா, எப்ப வருவா என்று நான் தினமும் அம்மாவைக் கேட்டேன். "சித்தி மேல எவ்ளோ பாசம் பாருங்க இதுக்கு," என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிப் பூரித்துப்போனாள். எனக்கு வேண்டியிருந்தது போன்.

வந்தாள், மெலிந்துபோய். வந்த மறுநாள் கொல்லையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் சுற்றிச் சுற்றி வந்தேன். கேட்காமலேயே இடுப்பிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள்.

"அந்த ஆட்டத்துல அன்னைக்கு ஜெயிச்சியா தாயி?"

"என்னைக்கு?"

"நான் தூங்குனேன்ல, அன்னைக்கு."

போனைத் தாழ்த்தினேன். ஆனால் அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லையென்றால் ஒன்றுமில்லை என்றுதான் அந்த வயதில் எனக்குத் தெரியும். மெதுவாகச் சொன்னேன்: "இல்ல சித்தி. ரெண்டாவது. ஒரே ஒருத்தன்தான் மிச்சம்."

"எத்தன பேர்ல?"

"நூறு பேர்ல!"

"நூறு பேர்ல ரெண்டாவதா," என்றாள். ஒரு மீனின் தலையைக் கிள்ளினாள். "அப்ப மத்தவுகல்லாம்?"

"செத்துட்டாங்க. ஆனா அடுத்த ஆட்டத்துல வந்துருவாங்க."

"திரும்ப வந்துருவாகளா?"

"உடனே வந்துருவாங்க சித்தி. ஒரு நிமிஷம்கூட ஆகாது."

அவள் கை நின்றது. ஈ வந்து மீன்மேல் உட்கார்ந்தது, விரட்டவில்லை. சித்திக்கு ஆட்டம் பிடித்துவிட்டது, அதுதான் இத்தனை கேட்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"ஒனக்கும் சொல்லித் தரவா சித்தி?" என்று கேட்டேன்.